வேலை உத்தரவாதத்தோடு விற்கப்படும் 'முழுத் தொகுப்பு': கணினி அறிவியல் மாணவர்கள் பணம் கட்டும் முன் படிக்க வேண்டியது

பாடக்குறிப்பு, இறுதியாண்டு புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், ஆய்வுக்கட்டுரை வெளியீடு, நேர்காணல் பயிற்சி, கடைசியில் வேலை உத்தரவாதம். இவை எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் தருவதாகச் சொன்ன இணையவழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் நான் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்தவற்றில் ஒன்றுகூட அவர்களுடையது இல்லை. பணம் போனதைவிட எனக்குக் கோபம் தருவது வேறொன்று: அவர்கள் கொடுத்தவை மாணவர்களுக்குப் பயன்படாமல் போனதோடு நிற்கவில்லை, மாணவர்களுக்கு எதிராகவே திரும்பின. என் புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே தொகுப்பு வேறு வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. அதனால் பெயரைவிட அவர்கள் நடத்தும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் பாடக்குறிப்புகள். "எங்கள் நிபுணர் குழு தயாரித்தது, வெளியே எங்கும் கிடைக்காது" என்று சொல்லித்தான் விற்றார்கள். அல்காரிதம் பகுதியின் முதல் பாடம், ஓர் எண் வரிசையில் பக்கத்து எண்களைவிடச் சிறியதாக இல்லாத ஓர் 'உச்சி'யைக் கண்டுபிடிப்பது. அருமையான பாடம். அது பிடித்துப்போனதால்தான் மேலும் படிக்க இணையத்தில் தேடினேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில், 2011ஆம் ஆண்டின் 6.006 என்ற அல்காரிதம் பாடத்தில் முதல் விரிவுரையாக அது இருந்தது. அதே எடுத்துக்காட்டு, அதே படங்கள். பக்கத்தின் அடியில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. தன் பாடங்களை உலகுக்கு இலவசமாகத் திறந்துவிடப்போவதாக எம்.ஐ.டி. 2001இலேயே அறிவித்துவிட்டது. யாரும் படிக்கலாம், பகிரலாம். ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. இவர்கள் மூலத்தை மறைத்தார்கள், விற்கவும் செய்தார்கள்.

அடுத்தது புராஜெக்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக மாணவர்களைக் காயப்படுத்துவது இதுதான். "ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உருவாக்கித் தருகிறோம்" என்றார்கள். எனக்கு வந்தது ஒரு நூலக மேலாண்மை மென்பொருள். ஜிப் கோப்பை விரித்துப் பார்த்தபோது, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' என்ற கருவி தன் வரலாற்றைச் சேமித்து வைக்கும் மறைவான கோப்புறை அழிக்கப்படாமலே இருந்தது. 'கிட் லாக்' என்று கட்டளை கொடுத்ததும், அந்த நிரலை உண்மையில் எழுதியவரின் பெயரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் செய்த தேதியும் வரிசையாக வந்து நின்றன. யாரோ ஒரு மாணவர், எனக்குச் சில ஆண்டுகள் முன்னால், தன் கல்லூரி வேலைக்காக எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்திருந்த நிரல். அதில் உரிமக் கோப்பு எதுவும் இல்லை. உரிமம் இல்லாத நிரல் பொதுவில் கிடைக்கிறது என்பதற்காக யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம் என்று ஆகிவிடாது. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. அவருக்கு எழுதித் தெரிவித்தேன். தன் நிரல் விற்கப்படுவதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டபோது அவர் தயங்காமல் பதில் சொன்னார்: "மாறிகளின் பெயர்களையும் திரையின் நிறங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள், யாராலும் கண்டுபிடிக்க முடியாது." இது பச்சைப் பொய். நிரல்களுக்கிடையே உள்ள ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் 'மாஸ்' என்ற கருவியை அலெக்ஸ் ஐக்கன் 1994இலேயே உருவாக்கினார். பல்கலைக்கழகங்கள் அதை இன்றும் பயன்படுத்துகின்றன. மாறியின் பெயர் என்ன என்பதை அத்தகைய கருவிகள் பொருட்படுத்துவதில்லை. பெயர்களையும் இடைவெளிகளையும் குறிப்புரைகளையும் உதறிவிட்டு, நிரலின் கட்டமைப்பைத் துண்டு துண்டாக எடுத்து ஒப்பிடுகின்றன. பெயரை மாற்றிக் கொடுப்பவர் தப்புவதில்லை. மறைக்க முயன்றார் என்ற இரண்டாவது குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்கிறது. கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கை வந்தால் அதைச் சந்திப்பது மாணவர்தான், தொகுப்பை விற்றவர் இல்லை.

நான் அந்த நிரலை எங்கும் கொடுக்கவில்லை. என்னோடு அதே தொகுப்பை வாங்கிய தோழி ஒருவர், நிறுவனம் வற்புறுத்தியதால் அதை வேலை விண்ணப்பத்தில் சேர்த்திருந்தார். நேர்காணலில் அவரிடம் கேட்டது மிகச் சிறிய விஷயம்: "இந்தத் தேடல் பெட்டியில் ஓர் ஒற்றை மேற்கோள்குறியை மட்டும் தட்டிப் பாருங்கள்." தட்டினார். பக்கம் உடைந்து, தரவுத்தளத்தின் பிழைச்செய்தி முழுவதும் திரையில் கொட்டியது. பயனர் தட்டுவதை அப்படியே தரவுத்தளத்துக்கான வினவலோடு ஒட்டி அனுப்பும் நிரல் அது; எஸ்.கியூ.எல். ஊடுருவல் என்ற தாக்குதலுக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அடுத்த கேள்வி கடவுச்சொல் பற்றியது. அது, எழுத்துகளை ஒரு குறியீடாக மாற்றும் எம்.டி.5 என்ற முறை கொண்டு, உப்பு எனப்படும் கூடுதல் எழுத்துகள் எதுவும் சேர்க்காமல் சேமிக்கப்பட்டிருந்தது. எம்.டி.5 மிக வேகமானது என்பதே இங்கே அதன் குறை. தரவு களவு போனால் திருடியவர் ஒரு நொடியில் கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதித்துவிடலாம். அதற்காகவே வேண்டுமென்றே மெதுவாக இயங்கும்படி வடிவமைத்த பி-கிரிப்ட் என்ற முறை 1999இலேயே வெளிவந்துவிட்டது. "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவரிடம் என்ன பதில் இருக்க முடியும்? தேர்ந்தெடுத்தவர் அவர் இல்லையே.

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம் இது: அந்தத் தோழி தன் கையால் ஓர் உரைத்திருத்தியை முழுவதும் எழுதியிருந்தார். கோப்பைத் திறக்கும், திருத்தும், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும். சிறியதுதான், ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்கும் அவரால் காரணம் சொல்ல முடியும். "இதெல்லாம் விளையாட்டுப் புராஜெக்ட், எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அதை விண்ணப்பத்திலிருந்து நீக்க வைத்தவர்கள் இந்த நிறுவனத்தார். நேர்காணலில் பேசவேண்டியதே அதைப் பற்றித்தான்.

ஆய்வுக்கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். "பன்னாட்டு ஆய்விதழில் வெளியீடு" என்பது தொகுப்பின் ஓர் அங்கம். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும், நான் படித்தேகூடப் பார்க்காத ஒரு கட்டுரை என் பெயரோடு வெளிவந்தது. நீக்கச் சொன்னால், நீக்குவதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் மாநாடுகளும் கணினித் துறைக்குப் புதியவை இல்லை. 2005இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், பொருளே இல்லாத கணினி அறிவியல் கட்டுரைகளைத் தானாக உருவாக்கும் 'சைஜென்' என்ற நிரலை எழுதினார்கள். அது உருவாக்கிய ஒரு கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2014இல் ஸ்பிரிங்கர், ஐ.இ.இ.இ. ஆகிய பெரிய பதிப்பகங்களே தாங்கள் வெளியிட்டவற்றில் இப்படி இயந்திரம் உருவாக்கிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பெரியவர்களிடமே இந்த ஓட்டை இருந்தபோது, அனுப்பிய சில நாட்களில் ஏற்பு மடலும் கட்டண ரசீதும் சேர்ந்து வரும் இதழைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயரைத் தேடும் பேராசிரியர் முதலில் காண்பது அந்தக் கட்டுரையாகவே இருக்கலாம்.

ஓர் இதழையோ மாநாட்டையோ சோதிக்க எளிய வழி இருக்கிறது. கணினி அறிவியல் வெளியீடுகளைத் தொகுக்கும் டி.பி.எல்.பி. என்ற பட்டியல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கப்பட்டு வளர்ந்தது. அதில் தேடிப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர்களின் சொந்தப் பக்கத்துக்குச் சென்று, அவர்களே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முடிந்தால் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். நான் எழுதிய பேராசிரியர், தன் பெயர் அந்த இதழில் இருப்பதே தனக்குத் தெரியாது என்று பதில் போட்டார்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செய்யாத வேலைக்கு, நான் அவர்களிடம் சேர்வதற்கு முந்தைய தேதி போட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். வேலை கொடுப்பவர் பின்னணிச் சரிபார்ப்பில் சான்றிதழில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்தால் எடுக்க ஆள் இல்லை. கையில் கிடைத்த பணி ஆணையே இதனால் ரத்தாகலாம். 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் போன்ற திட்டங்களில், திறந்த மூல மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். பணம் போக வேண்டிய திசை அது. உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு தரப்படும் இன்டர்ன்ஷிப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இனி அந்த உத்தரவாதம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. ஒப்பந்தத்தில் அதை ஒன்றுமில்லாமல் செய்யும் நிபந்தனைகள் சிறிய எழுத்தில் இருந்தன. ஒரு வகுப்பு தவறினாலும் உத்தரவாதம் செல்லாது. அவர்கள் காட்டும் எந்த வேலையை மறுத்தாலும் செல்லாது. 'வேலை' என்பதற்கு ஒப்பந்தத்தில் விளக்கமே இல்லை. எனக்குக் காட்டிய வேலை, அதே நிறுவனத்துக்காகப் புதிய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சேர்ப்பது. மறுத்தேன். உத்தரவாதம் முடிந்தது.

எத்தனை சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்று அவர்கள் போடும் கணக்கையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவில் பெயர் பெற்ற பயிற்சிப் பள்ளிகளே இதில் சிக்கியிருக்கின்றன. பிளாட்டிரன் ஸ்கூல் 98.5 சதவீத வேலைவாய்ப்பு என்று விளம்பரம் செய்தது. அந்தக் கணக்கில் பயிற்சிப் பணியாளர்களும் ஒப்பந்த வேலை செய்பவர்களும் சேர்க்கப்பட்டிருந்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் 2017இல் நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் பணம் கட்டித் தீர்வு கண்டது. லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் புளூம்டெக் என்று பெயர் மாறிய பள்ளியின் மீது 2024இல் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைப்பதாகச் சொன்ன இடத்தில், பள்ளியின் உள்கணக்கு 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது, சில நேரம் 30 வரை இறங்கியது என்று அந்த அமைப்பு கண்டறிந்தது. ஒரு பிரிவில் நூறு சதவீத வெற்றி என்று நிறுவனர் பெருமையாக அறிவித்திருந்தார். அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர். எனவே சதவீதத்தைக் கேட்டால் மட்டும் போதாது. மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இடையில் விலகியவர்கள் கணக்கில் உண்டா, எந்தப் பதவி, எந்த நிறுவனம் என்று கேளுங்கள். முன்னாள் மாணவர்களை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். நிறுவனம் அறிமுகப்படுத்துபவரிடம் மட்டும் பேசுவதில் பயனில்லை.

படிக்க வேண்டியவை இலவசமாகவே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சி.எஸ்.50ஐ முழுவதும் இலவசமாகப் படித்து, பயிற்சிகளை முடித்து, அந்தப் பாடக்குழு தரும் இலவசச் சான்றிதழையும் பெறலாம். கட்டணச் சான்றிதழ் என்பது தனியாக இருக்கும் ஒரு விருப்பத் தேர்வு மட்டுமே. இயக்க முறைமைக்கு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அர்பாசி-டுசோ தம்பதி எழுதிய பாடநூல் அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் இருக்கிறது. கட்டளைச் சாளரம், கிட், பிழைதிருத்தம் போன்று கல்லூரியில் பெரும்பாலும் யாரும் சொல்லித்தராத கைவேலைகளுக்கு எம்.ஐ.டி. மாணவர்கள் 2020இல் நடத்திய 'மிஸ்ஸிங் செமஸ்டர்' வகுப்பின் பதிவுகள் இருக்கின்றன. நிரல் போட்டிப் பயிற்சிக்குக் கோட்ஃபோர்சஸ் என்ற தளம் இருக்கிறது. இவற்றில் எதுவும் எளிதில்லை. தனியாகப் படிப்பது சோர்வு தரும் என்பதும், அந்தச் சோர்வைத்தான் இந்த விற்பனையாளர்கள் குறிவைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாரத்துக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்க முடிகிறது. நாங்கள் இப்போது அப்படித்தான் படிக்கிறோம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு. பணத்தைத் திரும்பக் கேட்கும் முன்னால் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள்: விளம்பரப் பக்கத்தின் படம், ஒப்பந்தம், ரசீது, அரட்டைப் பதிவுகள், அவர்கள் கொடுத்த கோப்புகள். நான் கேட்ட அன்றே என் கணக்கை முடக்கிவிட்டார்கள். முன்பே சேமித்து வைத்திருந்ததால்தான் புகார் கொடுக்க முடிந்தது. அட்டை வழியாகக் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே எழுத்துமூலம் மறுப்புத் தெரிவியுங்கள், அதற்குக் கால வரம்பு உண்டு. மூலச் சான்றிதழ்களை எந்தக் காரணம் சொன்னாலும் அவர்களிடம் ஒப்படைக்காதீர்கள். ஒரு பகுதிப் பணத்தைத் தருகிறோம், இதைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்திடுங்கள் என்று எனக்கு ஒரு தாள் அனுப்பினார்கள். நான் கையெழுத்திடவில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால், சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பதில் அனுப்பாதீர்கள். அந்தத் தொகுப்பின் எந்தப் பாடம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற பட்டியலை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். புகார் கொடுக்க முன்வருபவர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.