பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி: ஒரு மதிப்பீடு

நியூயார்க் நகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி அடிபடும் பெயர் பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி. கட்டணம் எதுவும் வாங்காத இந்த அரசுப் பள்ளியில் படித்தவர்களுள் ஒன்பது பேர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். அவர்களில் எழுவர் இயற்பியலாளர்கள். 1979இல் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாமுடன் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் இங்கே ஒன்றாகப் படித்த தோழர்கள்.

1938இல் மோரிஸ் மைஸ்டரைத் தலைமையாசிரியராகக் கொண்டு ஆண்களுக்கு மட்டுமான பள்ளியாகத் தொடங்கியது. 1946இல் மாணவியரையும் சேர்த்துக்கொண்டது. அதே நகரின் புகழ்பெற்ற ஸ்டைவசன்ட் பள்ளி அதைச் செய்ய 1969 வரை ஆயிற்று. பெண்களின் உழைப்பையும் ஊதியத்தையும் ஆராய்ந்து 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இப்பள்ளியின் மாணவி என்பதை அறியும்போது, அந்த 1946 முடிவின் மதிப்பு நன்றாகவே விளங்குகிறது.

பழைய கட்டடத்திலிருந்து 1959இல் இப்போதைய வளாகத்துக்குப் பள்ளி இடம்பெயர்ந்தது. அறிவியலைச் சித்திரிக்கும் பெரிய மொசைக் ஓவியம் நுழைவுக்கூடத்தில் உள்ளது. ஏறத்தாழ 3,000 பேர் பயிலும் இடம் என்பதால், ஒவ்வொருவரையும் தனித்துக் கவனிக்கும் சிறிய பள்ளியை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதன்று.

இப்பள்ளியின் உண்மையான பலம் என்று நான் கருதுவது மூன்றாண்டு ஆய்வுப் பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் அதில் சேரும் மாணவர், பிறர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கப் பழகி, வழிகாட்டும் அறிஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பன்னிரண்டாம் வகுப்புக்குள் தாமே ஓர் ஆய்வை முடித்து எழுதுகிறார். விடை தெரிந்த சோதனைகளையே செய்து பழகிய வயதில், விடை தெரியாத ஒரு கேள்வியோடு மூன்றாண்டுகள் வாழ்வது எவ்வளவு பெரிய பயிற்சி! சமூக அறிவியலிலும் இவ்வாய்ப்பு உண்டு. பேச்சு, விவாதப் போட்டிகளில் பள்ளிக்கு நெடுநாள் பெயர் இருக்கிறது. யூத இனப்படுகொலையைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்றையும் பள்ளிக்குள்ளேயே நடத்துகிறார்கள். அறிவியல் பள்ளி வரலாற்றுக்கும் இப்படி இடம் கொடுப்பது என்னை மிகவும் கவர்ந்தது.

என் மனக்குறை சேர்க்கை முறையைப் பற்றியது. மூன்று மணி நேர நுழைவுத் தேர்வு ஒன்றின் மதிப்பெண்ணே இடத்தை முடிவு செய்கிறது; 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமே அப்படி வகுத்திருப்பதால் பள்ளியைக் குறை சொல்லவும் இயலாது. நகரப் பள்ளி மாணவர்களில் பெரும்பான்மையினரான கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் இங்கே மிகச் சிறுபான்மையினர்; ஆசியப் பின்னணியினரே பாதிக்கு மேல். அந்தப் பாதிக்குள் நம் பிள்ளைகளும் இருப்பதனாலேயே இதை நாம் பேசாமல் கடந்துவிடக் கூடாது. தேர்வில் சற்றே பின்தங்கிய, வறிய சூழலிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி தந்து இடமளிக்கும் 'டிஸ்கவரி' திட்டம் நல்ல முயற்சிதான். ஆயினும் அதன் வீச்சு போதாது.

சேர நினைப்பவர்கள் பயணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நகரின் வேறொரு பகுதியான குவீன்ஸிலிருந்து ரயிலில் வரும் பிள்ளைக்கு ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு பள்ளி நாளின் காலையில் அந்த ரயிலில் பிள்ளையோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.