அப்பாவின் கோத்திரம் கேட்டு 38,500 ரூபாய் பறித்த காசிப் பயணம்: எச்சரிக்கை

ரூபாய் 38,500. அம்மாவையும் என்னையும் காசிக்கு வரவழைத்து, அப்பாவின் திதியை முறைப்படி செய்துவைத்து, ஊரையும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி ஓர் இணையப் பயண முன்பதிவுத் தளம் எங்களிடம் வாங்கிய தொகை இது. அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. பணமாவது ஒருநாள் வரக்கூடும். திதி போனது போனதுதான், இனி அடுத்த ஆண்டுதான். கோபம் ஆறிய பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன். ஏமாந்தவர்கள் ஆறிப்போவார்கள் என்பதை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரைப் போடவில்லை. பெற்றோருடன் காசிக்குப் போகிறவர்கள் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

தளத்தில் போட்டிருந்தது இதுதான்: தமிழ் பேசும் வழிகாட்டி, கங்கை தெரியும் அறை, விசுவநாதர் கோவிலில் சிறப்புத் தரிசனம், படகில் அமர்ந்து மாலை ஆரத்தி. எங்களுக்கு முக்கியமானது இவற்றில் எதுவும் இல்லை. பட்டியலின் கடைசி வரிதான்: "படகில் பஞ்சதீர்த்தம், தமிழ்ச் சாஸ்திரிகள் மூலம் சிராத்தம், உறுதி." அந்த "உறுதி"க்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வேறு. நாங்கள் 38,500 ரூபாய் கொடுத்தது அந்த ஒரு வரிக்காக. ரயில் டிக்கெட் இதில் சேராது, அது எங்கள் செலவு.

முன்பணமாக 15,000 ரூபாய் கட்டியதும் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் அழைத்தார். நல்ல தமிழ். அம்மாவிடம்தான் முதலில் பேசினார். "இராமேசுவரத்து மணல் எடுத்து வருகிறீர்களா அம்மா?" என்று கேட்டார். காசிக்கு மட்டும்தான் வருகிறோம் என்று அம்மா சொன்னதும், "அப்படியென்றால் வேண்டாம் அம்மா, அது பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் விடுவதற்கு. இன்னொரு முறை மூன்று ஊருக்கும் சேர்த்து வாருங்கள்" என்றார். அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பிறகு ஐந்து தீர்த்தங்களையும் வரிசை பிசகாமல் சொன்னார். அசி சங்கமம், தசாசுவமேதம், வருணை கங்கையில் சேரும் ஆதிகேசவம், பஞ்சகங்கை, முடிவில் மணிகர்ணிகை. எந்த இடத்தில் படகை விட்டு இறங்க வேண்டியிருக்கும், அம்மாவின் முழங்காலுக்கு எந்தப் படி கடினம் என்பதுவரை சொன்னார்.

அதற்கு மேல் அவர் கேட்டதுதான் என்னை முழுவதும் நம்பவைத்தது. அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், கொள்ளுத்தாத்தாவின் பெயர், கோத்திரம், திதி. "சங்கல்பத்தில் ஒரு பெயர்கூடத் தவறக் கூடாது அண்ணா. எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்புங்கள், சாஸ்திரிகளிடம் இன்றே கொடுத்துவிடுகிறேன்" என்றார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் நினைவில்லை. ஊரில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தோம். அத்தை பழைய நிலப் பத்திரத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார். மூன்று தலைமுறைப் பெயர்களைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். "கிடைத்தது அண்ணா, நிம்மதியாக வாருங்கள்" என்று பதில் வந்தது. இறந்துபோன என் அப்பாவின் பெயரை இவ்வளவு பொறுப்பாக வாங்கிக்கொள்கிற ஆள் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? கிளம்புவதற்கு முந்தைய நாள் மீதி 23,500 ரூபாயையும் தளத்தின் பக்கத்திலேயே கட்டினேன். மொத்தம் 38,500.

இப்போது நதியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அப்பாவின் திதி ஆவணியில். மழைக்காலத்தில் காசியில் கங்கை பெருகும். அங்கே எச்சரிக்கை அளவு 70.262 மீட்டர், அபாய அளவு 71.262 மீட்டர். மத்திய நீர் ஆணையம் நீர்மட்டத்தை அன்றாடம் வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எச்சரிக்கை அளவை எட்டுவதற்கு வெகு முன்பே படிகள் முழுகி, ஒரு படித்துறையிலிருந்து அடுத்ததற்கு நடந்து போகும் வழி மறைந்துவிடும். நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். மாலை ஆரத்தி மாடிக்கு ஏறிவிடும். மணிகர்ணிகையில் சிதைகளை மேல்தளத்தில் அடுக்குவார்கள். ஆண்டுதோறும் ஏறக்குறைய இந்த மாதங்களில் நடப்பதுதான் இது. காசியில் டீ விற்கிற பையனுக்கும் தெரியும்.

நாங்கள் போய் இறங்கியபோது படகு ஒன்றுகூட ஓடவில்லை. அன்று காலைதான் நிறுத்தினார்கள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். விடுதி வரவேற்பறையில் விசாரித்தால், நிறுத்திப் பல நாட்கள் ஆகிவிட்டன என்கிறார்கள். அதாவது, என்னிடம் மீதி 23,500 ரூபாயை வாங்கிய அன்று ஆற்றில் படகு இல்லை. அது தெரிந்தே "படகில் பஞ்சதீர்த்தம் உறுதி" என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். படிப்பவர்கள் இந்த ஓர் இடத்தை மறக்காதீர்கள். இவர்கள் பிறகு சொன்ன சாக்குகள் எல்லாம் இங்கேதான் உடைகின்றன.

தமிழ் பேசும் வழிகாட்டி வரவில்லை. வந்தவருக்கு இந்தி மட்டுமே தெரியும். எங்கள் பெயர்களும் விடுதியின் பெயரும் தவிர அவரிடம் வேறு எந்த விவரமும் இல்லை. திதி அன்று காலை தசாசுவமேதப் படித்துறைக்கு மேலே, தண்ணீர் ஏறி நிற்கும் சந்தின் முனையில், சேறும் கூட்டமுமான இடத்தில் எங்களை நிறுத்திவிட்டு ஒரு பண்டாவை, அதாவது படித்துறையில் சடங்கு செய்துவைக்கும் உள்ளூர்ப் புரோகிதரை, கூட்டிவந்தார். தமிழ்ச் சாஸ்திரிகள் எங்கே என்று கேட்டேன். "இவர்தான்" என்று கையைக் காட்டினார். அந்தப் பண்டா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்பா பெயர் என்ன?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தை பத்திரத்தைப் பார்த்துச் சொன்ன பெயர்கள் எவரிடமும் போய்ச் சேரவில்லை. நான் சொன்ன பெயரை அவர் தவறாக உச்சரித்தார். அம்மா சத்தமாகத் திருத்தினார். மறுபடியும் தவறாகவே சொன்னார். தாத்தாவின் பெயருக்கும் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கும் அவர் காத்திருக்கவே இல்லை. என் உள்ளங்கையில் தர்ப்பையும் தண்ணீரும் இருக்கும்போதே, தட்சிணை ஐயாயிரத்து நூறு தருகிறேன் என்று வாயால் சொல்லச் சொன்னார். எல்லாம் கட்டணத்தில் சேர்ந்தது என்றேன். அப்படியானால் முடித்துவைக்க முடியாது, பாதியில் நின்றால் பித்ருக்களுக்கு ஆகாது என்று வழிகாட்டியிடம் இந்தியில் சொன்னார். கையில் தண்ணீரோடு, அப்பாவுக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் பேரம் பேசுகிறார்கள். அம்மா அழுதுவிட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். 38,500 போக இது தனி.

அதோடு விட்டார்களா? முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவைக் கோவிலுக்கு என்று சொல்லி முதலில் ஒரு பட்டுக்கடைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நாங்கள் எதுவும் வாங்காததால் வழிகாட்டியின் முகம் மாறியது, அதன் பிறகு அவர் எங்களுக்காக நின்று நடக்கவே இல்லை. சிறப்புத் தரிசனத்துக்கு ஆளுக்கு 2,500 என்று விலைப்பட்டியலில் இருந்தது. அவர் வாங்கித் தந்தது கோவில் அறக்கட்டளையே விற்கும் சுகம் தரிசன டிக்கெட். அதன் விலை சில நூறு ரூபாய்தான், கோவிலின் சொந்த இணையதளத்திலேயே எடுக்கலாம். ஆரத்தியை எந்தப் படகிலிருந்து பார்ப்பது? மாடியில் நடந்தது, கீழே நின்று கூட்டத்தின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தோம். அறையிலிருந்து தெரிந்தது பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி. விசாலாட்சி கோவிலுக்கும் காலபைரவருக்கும் நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அம்மா தானாகவே அனுமன் காட் என்ற படித்துறைப் பக்கம் போகலாம் என்றார். அங்கே தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, பாரதியார் இளமையில் தங்கிப் படித்த இடமும் அதுதான். சந்துக்குள் நுழைந்ததும் தமிழ் காதில் விழுந்தது. ஒரு பெரியவர் தம் வீட்டு முற்றத்தில், குடத்தில் கங்கை நீர் வைத்து, மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு, தீர்த்த சிராத்தமாகச் செய்துவைத்தார். அது புண்ணியத் தலத்துக்கு வந்ததற்காகச் செய்வது, ஆண்டுத் திதி ஆகாது. வெள்ளக் காலத்தில் படகில் பஞ்சதீர்த்தம் என்று யாராவது சொன்னால் அது பொய் என்றார். தட்சிணை உங்கள் விருப்பம் என்றார். அவரை முதலிலேயே கண்டிருந்தால் திதி அன்றே நடந்திருக்கும்.

இனி தட்டிக் கழித்த கதை. ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். போன் எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்ததும் எடுத்தார். "கங்கா மாதா பெருகினால் நான் என்ன செய்ய முடியும் அண்ணா?" என்றார். பணம் வாங்கிய அன்றே படகு இல்லையே என்று கேட்டேன். "அது எனக்கு மேலே இருப்பவர்கள் பார்ப்பது" என்று சொல்லித் துண்டித்தார். மேலே இருப்பவர்கள் யார்? தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் தானாகப் பதில் போடும் இயந்திரம். அதைத் தாண்டி ஒரு பெண் குரல் கிடைத்தபோது, "நாங்கள் இடைத்தரகுத் தளம் மட்டுமே, சேவை தருவது உள்ளூர் நிறுவனம்" என்றார். உள்ளூர் நிறுவனத்தின் எண் கேட்டால் தர முடியாதாம், தனியுரிமையாம். என் அப்பாவின் மூன்று தலைமுறைப் பெயர்களை யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

அதன் பிறகு மின்னஞ்சல் வந்தது. இயற்கை இடையூறுகளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்ற விதியைக் காட்டி, நல்லெண்ண அடையாளமாக அடுத்த பயணத்துக்கு 1,500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். 38,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, அப்பாவின் திதியைக் கெடுத்துவிட்டு, கூப்பன். நான் ஏற்கவில்லை என்று பதில் எழுதினேன். "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று வந்தது. தளத்தில் நான் எழுதிய விமர்சனத்தையும் வெளியிடவில்லை. அங்கே தெரிவதெல்லாம் ஐந்து நட்சத்திரங்கள்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இடைத்தரகர் என்று சொல்லி எந்தத் தளமும் முழுதாகக் கைகழுவ முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஓர் அலுவலரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வாரணாசிக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

பார்த்துக்கொள்ள வேண்டியதைக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன், விரிவாக எழுதக் கை ஓடவில்லை. அவசரமாக இவை மட்டும். ஆடி முதல் புரட்டாசி வரை போவதாக இருந்தால் படகு ஓடுகிறதா என்று காசியில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், தளத்திடம் கேட்காதீர்கள். கோவில் டிக்கெட்டைக் கோவிலின் தளத்திலேயே எடுங்கள். படியில் நின்று ஆரத்தி பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். திதிக்கு அனுமன் காட், கேதார் காட் பக்கம் உள்ள தமிழ் மடங்களிலோ கோதௌலியா அருகே இருக்கும் நகரத்தார் சத்திரத்திலோ முன்கூட்டியே விசாரியுங்கள். செய்துவைக்கப் போகிறவரிடமே நேரில் பேசாமல் கோத்திரமும் முன்னோர் பெயர்களும் எழுதிக் கொடுக்காதீர்கள். மீதிப் பணத்தை அங்கே போய் இறங்கிய பிறகு கொடுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். போனில் பேசியதைப் பதிவு செய்து வையுங்கள்.

இதே மாதிரி ஆவணியில் "படகு உறுதி" என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஆணையத்தில் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். 38,500 ரூபாயை நான் விடப்போவதில்லை.