வீட்டுப் பெட்டியா, கடைப் பெட்டியா, சிமுலேட்டரா? லேப்ராஸ்கோப்பி பழக நான் எடுத்த முடிவு

மாவட்ட மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தபோது, லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் இட்டுக் கேமராவில் பார்த்தபடி செய்யும் அறுவையில், எனக்குக் கேமரா பிடிக்க மட்டுமே தெரியும். வாரத்துக்கு இரண்டு பித்தப்பை வந்தாலே அங்கே அதிகம். வயிற்றுக்குள் முடிச்சுப் போடும் வித்தையை நோயாளியின் உடலில் பழகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதனால் மூன்று வழிகளையும் பார்த்தேன்: கணினி சிமுலேட்டர், கடையில் விற்கும் பயிற்சிப் பெட்டி, வீட்டிலேயே செய்யும் பெட்டி. வயிற்றுக்குப் பதிலாக, துளை வழியே கருவியை விட்டுக் கேமராவில் பார்த்துப் பழகுவதற்கானது இந்தப் பெட்டி. கடைசியில் நானே ஒரு பெட்டி செய்துகொண்டேன். இது மூன்றாவது ஆண்டு.

கணினி சிமுலேட்டரில் ஒரு பயிலரங்கில் இரண்டே நாள்தான் கைவைத்திருக்கிறேன். என் மதிப்பீட்டை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கசிவதும் கிளிப் நழுவுவதும் திரையில் தெரிகின்றன. கை எவ்வளவு தூரம் அலைந்தது என்பதைக்கூட அது அளந்து சொல்கிறது. ஆனால் அது இருந்த ஊருக்கு மூன்று மணி நேரப் பஸ் பயணம். மாலை நான்கு மணிக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள்.

கடைப் பெட்டியில் நண்பர் ஒருவரிடம் ஒரு மாதம் பழகினேன். படம் ஆடாது, துளைகள் சரியான இடத்தில் இருக்கும். கேமரா கேபிள் பழுதானபோது மட்டும் உதிரி வர ஆறு வாரம் ஆனது.

என் பெட்டி, துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான். மூடியில் செல்போன் லென்ஸுக்கு ஒரு துளை, கருவிகளுக்கு இரண்டு. பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய வில்லைகளை அந்த இரண்டிலும் பொருத்தினேன். கருவி அங்கே ஊன்றித் திரும்பும். கை இடப்பக்கம் போனால் நுனி வலப்பக்கம் போகும் அந்தத் தலைகீழ் உணர்வு அப்படியே கிடைக்கும். உள்ளே ஓர் எல்.இ.டி. பட்டை. போன் படத்தை வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பாதீர்கள், கைக்கும் படத்துக்கும் இடையே தாமதம் வரும், கேபிள் போடுங்கள். ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம், தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர். ஆபரேஷன் தியேட்டரில் கழித்துப் போட்ட ஒன்றை அனுமதி பெற்று எடுத்துவந்தேன். கீல் தளர்ந்திருந்ததால் ஊசி பிடியில் நிற்காமல் சுழன்றது. என் கையைக் குறை சொல்லியே இரண்டு வாரம் போயிற்று. புதிதாக ஒன்று வாங்கிய அன்றே ஊசி நின்றது.

பயிற்சிகளுக்கு, லேப்ராஸ்கோப்பியின் அடிப்படைத் திறனைச் சோதிக்கும் அமெரிக்காவின் எஃப்.எல்.எஸ். தேர்வைப் பின்பற்றினேன். பலகையில் ஆணிகள், ஆறு ரப்பர் வளையங்கள். ஒரு கையால் எடுத்து, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கம் மாட்ட வேண்டும். பிறகு அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்கென வெளியான தேர்ச்சி இலக்கு 48 விநாடி. முதல் நாள் எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அடுத்தது காஸ் துணியில் வரைந்த வட்டத்தைக் கத்தரிப்பது. பிறகு கையுறை விரல் ஒன்றைக் கீறி, இருபுறமும் புள்ளி வைத்து, புள்ளி வழியாகவே ஊசியை ஏற்றி உள்ளேயே முடிச்சிடுவது.

என் முடிவைத் தீர்மானித்தது, பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான். 2006இல் டொரான்டோவில் 38 பயிற்சி மருத்துவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து நுண் ரத்தக்குழாய்த் தையல் கற்பித்தார்கள். ஓர் அணிக்கு நான்கு பாடங்களும் ஒரே நாளில். மற்ற அணிக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரந்தோறும் பழகியவர்களே மேலாகச் செய்தார்கள். கைக்குப் பழக்கம் ஊற இடைவெளி வேண்டும். மூன்று மணி நேரம் பயணம் செய்து போகிறவன் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு வரத்தான் பார்ப்பான். என் பெட்டியோ டூட்டி அறை மேசையிலேயே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் குடல்வால் அறுவை முடிந்து வந்தாலும் பத்து நிமிடம் கிடைக்கும். கடைப் பெட்டியையும் அங்கே வைக்கலாம்தான், ஆனால் கெட்டால் ஆறு வாரம் சும்மா கிடக்கும். என்னுடையதில் எது உடைந்தாலும் மாலைக்குள் சரியாகிவிடும்.

தனியாகப் பழகும்போது தவற்றைச் சொல்ல ஆள் இருக்காது. அதற்கும் போன்தான் உதவியது. ஒரு பதிவை என் மூத்த மருத்துவரிடம் காட்டினேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு, "வலது கை வேலை செய்யும்போது இடது கை தூங்குகிறதே, தம்பி" என்றார். அதுவரை நூறு முடிச்சுகளாவது போட்டிருப்பேன், ஒருமுறைகூட அது என் கண்ணில் படவில்லை. இப்போது வாரம் ஒரு பதிவு அவருக்குப் போகிறது.

பெட்டி தராதவையும் உண்டு. திசுவின் அடுக்கைப் பிரிக்கும் உணர்வுக்குக் கோழித்தொடைத் தோலை உரித்துப் பழகுகிறேன், அது ஓரளவுக்குத்தான். மின்சாரத்தால் திசுவைச் சுட்டு வெட்டும் டயாதெர்மியும் ரத்தக்கசிவும் தியேட்டரில் பெரியவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டியவை. பயிற்சிக் கருவிகள் எக்காரணம் கொண்டும் நோயாளிக்கான கருவித் தட்டுக்குத் திரும்பக் கூடாது. என்னுடையவற்றின் பிடியில் சிவப்பு நாடா சுற்றிவைத்திருக்கிறேன்.

நான்கைந்து முதுநிலை மாணவர்கள் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் கடைப் பெட்டியையே வாங்குங்கள், செலவு கட்டுப்படியாகும். என்னைப் போல ஒற்றை ஆளாக இருந்தால் முதலில் நல்ல நீடில் ஹோல்டர் ஒன்றை வாங்குங்கள். பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம்.