பலகையில் ஒட்டிய இலைக்கு 4,800 ரூபாய்: மான்கொம்புப் பெரணி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

4,800 ரூபாய். அந்தப் பணம் இனி வராது என்பது நேற்று ராத்திரிதான் உறுதியானது. செடி விற்றவர்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். தங்கையின் போனில் பார்த்தால், எனக்குக் காட்டிய அதே வீடியோவை இன்று காலையிலும் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் கோபம் ஆறும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன்.

இது நேரில் போய்ப் பார்க்கிற நர்சரி இல்லை. குட்டிக் குட்டி வீடியோக்கள் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, முழுத் தொகையையும் யூபிஐயில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, செடியைக் கூரியரில் அனுப்பும் பக்கம். வேரைச் சுற்றிப் பாசி வைத்து மரப்பலகையில் கட்டி, சுவரில் படம் மாட்டுவதுபோல மாட்டும் ஸ்டாக்ஹார்ன் ஃபெர்ன், அதாவது மான்கொம்புப் பெரணிதான் இவர்களிடம் முக்கியமான சரக்கு.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. நிறையக் கேள்வி கேட்டேன். செடி வளர்க்கிறவர் பேசுவதுபோலவே அந்த ஆள் பதில் சொன்னார். "பின்னாடி பிரவுன் கலர்ல, பேப்பர் மாதிரி காஞ்ச இலை ஒண்ணு இருக்கும் மேடம். செத்துப் போச்சுன்னு பிச்சிடாதீங்க, அதுதான் செடிக்குக் கவசம்" என்றார். உண்மைதான். இந்தச் செடியில் இரண்டு வகை இலை உண்டு. மான்கொம்புபோல நீளும் பச்சை இலை ஒன்று. பலகையோடு ஒட்டிப் படர்ந்து, வேரை மூடி, ஈரத்தைப் பிடித்து வைத்து, காலப்போக்கில் காய்ந்து பழுப்பாகிவிடும் கவச இலை இன்னொன்று. "இலை மேல வெள்ளையா பூத்த மாதிரி இருக்கும், தூசின்னு துடைச்சிடாதீங்க" என்றும் சொன்னார். அதுவும் சரிதான். அது தூசி இல்லை, இலையின் ஈரம் போகாமல் காக்கும் நுண்ணிய ரோமம். கடைசியாக, "ஆறு மாசத்துக்குப் பாசியைக் கிளறிப் பார்க்காதீங்க, வேர் பிடிக்கணும்" என்றார். இவ்வளவு விவரம் தெரிந்தவர் பொய்யான செடியைத் தரமாட்டார் என்று அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன். அப்போதே பணம் அனுப்பினேன். கூரியர், பேக்கிங் எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய்.

அவர் சொன்ன ஒவ்வொரு உண்மையும் ஏமாற்றை மறைக்கச் சொன்னது என்பது இப்போதுதான் புரிகிறது. கவச இலையைத் தூக்கிப் பார்க்கக்கூடாது, பாசியைக் கிளறக்கூடாது. அப்புறம் யார் எதைக் கண்டுபிடிப்பது?

வந்தபோது அழகாகத்தான் இருந்தது. ஹாலில் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர்வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழும் சுவரில் மாட்டினேன். ஏசி காற்று அந்தப் பக்கம் போகாது. பாசி காய்ந்து பலகை எடை குறைந்ததும் கழற்றி, வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி, நன்றாக வடிய விட்டு மறுபடி மாட்டுவேன். இது கிழக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் மரத்தில் ஒட்டி வளரும் செடி. மழையில் நனையும், காற்றில் காயும். வீட்டிலும் அதே கணக்குதான். எல்லாம் முறைப்படி செய்தும் புது இலை ஒன்றுகூட வரவில்லை. இருந்த இலைகள் விறைப்பு போய் சாம்பல் நிறமாகத் தொங்கின.

ஒருநாள் வாளியிலிருந்து பலகையைத் தூக்கினேன். ஒரு இலை தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

எடுத்துப் பார்த்தால், அடிப்பக்கம் கத்தரியால் நேராக வெட்டிய காம்பு. அதன் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு உருண்டை: குளூ கன்னில் உருக்கி ஒட்டுகிற பசை. அதற்குப் பிறகுதான் கவச இலையைத் தூக்கினேன். அது பலகையில் ஸ்டேப்ளர் பின்களால் அடிக்கப்பட்டிருந்தது, பின்கள் துருப்பிடித்திருந்தன. ஏதோ செத்த செடியிலிருந்து உரித்து வைத்த இலை. அடியில் பாசி, கொஞ்சம் தேங்காய் நார், அவ்வளவுதான். வேரும் இல்லை, குருத்தும் இல்லை, கிழங்குத் தண்டும் இல்லை. இந்த இலை தோல்போலத் தடிமனாக இருப்பதால் வெட்டினாலும் சட்டென்று வாடாது. அந்த அவகாசத்தை நம்பித்தான் விற்கிறார்கள். நான் வாளியும் தண்ணீருமாகப் பராமரித்தது உயிரே இல்லாத ஒரு பலகையை. அதற்கு 4,800 ரூபாய்!

படம் எடுத்து அனுப்பினேன். முதலில் "இடம் மாறின ஷாக் மேடம், சரியாகிடும்" என்று பதில் வந்தது. வேரே இல்லாததற்கு என்ன ஷாக்? அடுத்து "தண்ணி அதிகமாயிடுச்சு, அழுகிடுச்சு" என்றார்கள். அழுகினால் அடிப்பகுதி கறுத்துக் குழையும். இது காய்ந்த, சுத்தமான வெட்டு. வெட்டை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பியதும், "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். எடுத்திருந்தேன், அனுப்பினேன். உடனே "உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று வந்தது. உயிர் இல்லை என்பதுதானே என் புகாரே! அதற்கப்புறம் ஓனர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை பேசுவார் என்றார்கள். திங்கட்கிழமை பிளாக்.

அந்தப் பக்கத்தை நடத்தவிடும் தளத்தில் புகார் செய்தால், விதிமீறல் எதுவும் இல்லை என்று தானாக ஒரு பதில் வருகிறது. பணம் அனுப்பிய செயலியில் கேட்டால், நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம் என்கிறார்கள்.

இவர்களிடம் இதே செடியின் "விதை பாக்கெட்"டும் கிடைக்கிறது. பெரணியில் விதையே கிடையாது. இலை நுனியின் அடிப்பக்கம் பழுப்புத் திட்டாகத் தெரியும் வித்துத் தூளில் இருந்துதான் அது பெருகும். அதையும் ஆட்கள் வாங்குகிறார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் அனுப்பும் முன் வீடியோ காலில் குருத்தைக் காட்டச் சொல்லுங்கள். பச்சை இலைகள் எல்லாம் அந்த ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். இலையைப் பிடித்து லேசாக அசைக்கச் சொல்லுங்கள், உண்மையான செடியில் இலையின் அடி அசங்காது. தூண்டில் நரம்பால் கட்டியிருந்தால் சரி, பசை தெரிந்தால் வேண்டாம். கிழங்குத் தண்டை மூடி மேலே பாசியைக் குவித்திருந்தாலும் வேண்டாம். பாதிப் பணம் செடி வந்த பிறகு என்பதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள். முடிந்தவரை நர்சரிக்கு நேரில் போய் வாங்குங்கள்.

ஏமாந்தது தெரிந்தவுடன் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. "ரிட்டர்ன் கிடையாது" என்று அவர்கள் சொன்னதும் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

நான் இரண்டிலும் புகார் கொடுத்துவிட்டேன். பலகை, வெட்டிய இலை, ஸ்டேப்ளர் பின், பேச்சு முழுவதன் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நனைந்த பலகை ஒன்றைக் கையில் தூக்கி, சொட்டும் தண்ணீரோடு சிரித்துக்கொண்டே பேசும் வீடியோவைப் பார்த்து வேறு யாராவது பணம் கட்டியிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். சேர்த்துப் புகார் கொடுக்கலாம்.