பாடக்குறிப்பு பென்டிரைவ் விற்க வருபவரிடம் ஏமாறாதீர்கள்

மன்னார்குடி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். போன செமஸ்டர் தொடக்கத்தில் ஒருவர் துறைக்கே வந்து, பி.எஸ்சி. முதலாண்டுக்கான பாடம், கணக்கு, தேர்வுக் கேள்வி எல்லாம் ஒரே பென்டிரைவில் இருக்கிறது, தலைக்கு 400 ரூபாய் என்றார். எங்கள் நூலகத்தில் உருப்படியான புத்தகம் நாலைந்துதான், அதனால் நானும் பிள்ளைகளை வாங்கச் சொல்லிவிட்டேன். 31 பேர் வாங்கினார்கள். பாதிப் பேர் வீட்டில் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணம் எப்போது வரும் என்று காத்திருந்த நேரம் அது.

எல்லா பைலுக்கும் பாஸ்வேர்டு, பக்கத்துக்குப் பக்கம் அவருடைய முத்திரை, அடியில் "நகலெடுத்தால் சட்ட நடவடிக்கை". அதை நம்பி, வாங்க முடியாத பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நானே தடுத்தேன். ஒரு பெண் திருவாரூர் பஸ்ஸில் தோழியின் போனைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாளாம். அது தெரிந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

உராய்வு நடத்தும்போதுதான் சந்தேகம் வந்தது. நம் ஊர் ஆள் தயாரித்ததாகச் சொன்ன குறிப்பில் எதற்குப் பனிச்சறுக்குக் கணக்கு? ஒரு வரியை அப்படியே கூகுளில் போட்டுத் தேடினேன். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-ல் வெளியிட்ட 'காலேஜ் பிசிக்ஸ்' நூல் அப்படியே வந்து நின்றது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியர்கள் பெயரும் உரிமமும் இருக்கும் முன்பக்கங்களை மட்டும் வெட்டி எறிந்திருக்கிறார்.

அந்த நூலுக்கு இருப்பது சிசி பை உரிமம், படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்று. அதன்படி விற்கக்கூட அனுமதி உண்டு, ஆனால் மூல நூலின் பெயரையும் எழுதியவர்களையும் உரிமத்தையும் சொல்லியாக வேண்டும், வாங்கியவர் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது. அவர் இரண்டையும் மீறியிருக்கிறார். பென்டிரைவில் இருந்த கணக்குத் தாள்களோ அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போட்டுவைக்கும் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் இருந்து எடுத்தவை. அதன் உரிமத்தில் 'என்சி' (நான்-கமர்ஷியல்) இருக்கிறது, அதாவது காசுக்கு விற்கவே கூடாது.

போன் செய்து கேட்டால், "தேடித் தொகுத்ததற்குக் கூலி சார்" என்கிறார். அப்புறம் எடுப்பதே இல்லை.

யாராவது இப்படி விற்க வந்தால், முதலில் உரிமப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நான்கு வரிகளை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். இலவச மூலத்திலேயே உங்கள் பாடத்திட்டத்துக்கு வேண்டிய அத்தியாயங்களை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம், எனக்கு அந்த வேலை இரண்டு மாலையில் முடிந்துவிட்டது. இப்போது வகுப்பில் எல்லாருடைய போனிலும் அசல் நூல் இருக்கிறது. 400 ரூபாயை என் சம்பளத்திலிருந்து மாதம் ஐந்து பேர் வீதம் திருப்பிக் கொடுத்து வருகிறேன்.

அந்த ஆள் அடுத்து நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கக் கல்லூரிகளுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் துறையில் உடனே சொல்லி வையுங்கள்.