ஓ.எம்.ஆர். ஆபீஸா, வீட்டு மேசையா? கணக்குப் போட்டுப் பார்த்தால்

2025-க்குள் ஒரு நேரத்தில் 25 சதவீத ஊழியர்கள் ஆபீஸில் இருந்தால் போதும் என்று 2020-ல் சொன்னது டி.சி.எஸ். 2023 அக்டோபரில் அதே கம்பெனி வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 ஜனவரி 2 முதல் ஐந்து நாள் என்றது. இந்த அறிவிப்புகளைப் பார்த்து, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய சென்னை ஐ.டி. வட்டாரம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சிக்கு ஆபீஸ் என்றாலே டிராஃபிக். இன்னொரு கட்சிக்கு வீடு என்றாலே ஏமாற்று வேலை.

இரண்டு கட்சியும் ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. வீடு என்றால் எந்த வீடு? கதவு சாத்தக்கூடிய தனி அறை இருக்கிற வீடா, ஹாலில் டி.வி. ஓட சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைக்கிற வீடா? ஆபீஸ் என்றால் பக்கத்து நாற்காலியில் யார்? உங்கள் டீம் ஆளா, பெயர் தெரியாத வேறு புராஜெக்ட் ஆளா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது.

இரண்டு ஆய்வு, இரண்டு விடை

வீட்டுக் கட்சி எப்போதும் காட்டுகிற ஆதாரம், ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் செய்த சோதனை. கால் சென்டர் ஊழியர்கள் ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். வேலை 13 சதவீதம் கூடியது. அதில் 9 சதவீதம், இடைவேளையும் உடம்பு சரியில்லாத லீவும் குறைந்து வேலை பார்த்த நிமிடங்கள் கூடியதால் வந்தது. சத்தம் குறைவு என்பதால் ஒரு நிமிடத்தில் எடுத்த அழைப்புகள் கூடியது மீதி 4 சதவீதம். வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

ஆபீஸ் கட்சிக்கு நம்மூரிலேயே ஆதாரம் இருக்கிறது. டேவிட் ஆட்கின், ஆன்ட்வனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் சென்னையில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டுக்கும் சிலரை ஆபீஸுக்கும் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அந்தக் குறையில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மீதி, ஆபீஸில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்த வித்தியாசம்.

இரண்டும் ஒழுங்காகச் செய்த ஆய்வுகள்தான். பிறகு ஏன் முரண்? சிட்ரிப்பில் சேருவதற்கு நிபந்தனை இருந்தது: ஆறு மாத அனுபவம், பிராட்பேண்ட், வேலைக்கென்று தனி அறை. சென்னையில் சேர்ந்தவர்கள் வேலைக்கே புதியவர்கள். வீட்டு வசதியும் அவரவருக்கு அமைந்ததுதான்.

சென்னை ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. வீடுதான் வேண்டும் என்று விரும்பியவர்கள் ஆரம்பத் தேர்வில் மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகம், தப்பும் குறைவு. ஆனால் வீட்டில் உட்கார்ந்ததும் அதிகம் சறுக்கியதும் அவர்களே: 27 சதவீதம். ஆபீஸை விரும்பியவர்கள் வீட்டில் 13 சதவீதம்தான் சறுக்கினார்கள். குழந்தை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, வசதிக் குறைவு என்று ஆபீஸ் வர முடியாதபடி கட்டிப்போடுபவை இதற்குக் காரணத்தில் ஒரு பகுதி. ‘வீட்டிலிருந்து வேலை கேட்கிறவர் சோம்பேறி’ என்று சொல்லும் மேனேஜர்கள் இந்த ஒரு பத்தியையாவது படிக்கலாம்.

வீட்டுப் பக்கம்: கரண்டும் நெட்டும்

வீட்டிலிருந்து வேலை கெடுவதற்குச் சோம்பலைவிடப் பெரிய காரணம் வயர்தான்.

முதலில் கரண்ட். லேப்டாப், ஒரு மானிட்டர், மின்விசிறி, ரௌட்டர் எல்லாம் சேர்ந்து 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்று இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் கழித்து ஏறத்தாழ 1,000 வாட்-அவர் கொடுக்கும். ஆறு மணி நேரம் தாராளம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினாலும் சமாளிக்கலாம். ஆனாலும் கரண்ட் போன நொடியில் கால் கட் ஆகிறதே, ஏன்? இன்வெர்ட்டர் பல வீடுகளில் ‘ஈகோ’ மோடில் இருக்கும். அதில் மாறும் நேரம் அதிகம். மின்விசிறிக்குத் தெரியாது, ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பின்பக்கம் இருக்கும் சுவிட்சை ‘யு.பி.எஸ்.’ மோடுக்குத் தள்ளினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ரௌட்டருக்கென்றே விற்கிற 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போதும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும். ரௌட்டருக்கு மட்டும் வாங்கிவிட்டு நெட் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் தெரு முழுக்கக் கரண்ட் போனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நெட் படுத்துவிடலாம். கேபிள்காரரின் சந்திப்புப் பெட்டியும் ஏதோ ஒரு கம்பத்திலோ மாடியிலோ அதே கரண்ட்டில்தான் ஓடுகிறது. அதன் பேட்டரி தீர்ந்தால் உங்கள் இன்வெர்ட்டர் எதற்கும் உதவாது. மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பீர்கள். தெருவே அந்த நேரத்தில் ஹாட்ஸ்பாட்டில்தான் இருக்கும். இரண்டாவது இணைப்பு எடுப்பதாக இருந்தால், வயர் எந்தக் கம்பம் வழியாக வருகிறது என்று நிமிர்ந்து பாருங்கள். ஒரே கம்பத்தில் வரும் இரண்டு கம்பெனி வயரையும் ஒரே லாரி அறுத்துவிடும்.

‘நெட் ஸ்லோ’ என்று பொத்தாம்பொதுவாகப் புகார் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடலாம். கமாண்ட் விண்டோ இரண்டைத் திறந்து, ஒன்றில் ரௌட்டர் முகவரிக்கும் மற்றொன்றில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிடுங்கள். முதலாவதே 100 மில்லி செகண்டுக்கு மேல் எகிறினால் கோளாறு உங்கள் வைஃபையில். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள், அல்லது கேட்-6 கேபிள் இழுத்துவிடுங்கள். முதலாவது இரண்டு மூன்றில் நிற்க, இரண்டாவது அறுந்து அறுந்து வந்தால் நெட்காரரைக் கூப்பிடலாம். இரண்டும் நன்றாக இருந்து வீடியோ மட்டும் தடுமாறினால் வி.பி.என்.-ஐ, அதாவது வீட்டிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பு வழியை, சந்தேகப்படுங்கள். பல கம்பெனிகளில் மீட்டிங் வீடியோ கூடக் கம்பெனி டேட்டா சென்டருக்குப் போய்ச் சுற்றி வருகிறது. அதை நேராக விடுவது ஐ.டி. டெஸ்க் கையில்.

ஆபீஸில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஜெனரேட்டர், இரட்டை லைன், புகார் கொடுக்க ஓர் ஆள் எல்லாம் உண்டு. ஆபீஸின் இந்தச் சாதகத்தை யாரும் பேசுவதில்லை.

செலவு

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். ஒருவழி 25 கி.மீ. தூரம், லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் பைக், 22 வேலை நாள் என்றால் மாதத்துக்கு 24 லிட்டருக்குச் சற்றுக் கூட. லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ 2,450 ரூபாய். மாநகரப் பேருந்தில் ஏ.சி. இல்லாத மாதப் பாஸ் 1,000 ரூபாய். வெளியூர்க்காரர் என்றால் பி.ஜி. விடுதி வாடகையும் மெஸ் செலவும் சேரும். அங்கேதான் வீட்டுக் கட்சி அடித்துச் செல்கிறது.

எதிர்ப்பக்கத்தில் மின் கட்டணம். ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்டுதான் கூடும். பகலில் ஒன்பது மணி நேரம் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஓடினால், மணிக்கு 0.65 யூனிட் வைத்தாலும் இன்னும் 260. ஏற்கெனவே 350 யூனிட் ஓடுகிற வீடு 670-ல் போய் நிற்கும். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான மலிவுக் கட்டணம் பறிபோய், மொத்தக் கணக்கும் மேல் அட்டவணைக்கு மாறிவிடும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாடகை கொடுக்காமல் ஊரில் அப்பா அம்மா வீட்டில் இருந்தால் ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) வரி விலக்கு கிடையாது. சம்பளக் கணக்குப் போடும்போது இதையும் கழித்துவிடுங்கள்.

நேரம்தான் உண்மையான செலவு. மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர என்றால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். ஏறக்குறைய இரண்டு வேலை நாள், சோழிங்கநல்லூர் சிக்னலுக்குப் படையல்.

பக்கத்து நாற்காலி

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒருவர் எழுதிய நிரலைச் சீனியர் சரிபார்க்க, காலை 11 மணிக்குக் கோட் ரிவ்யூவுக்கு அனுப்புகிறார். வீட்டில் இருந்தால் சீனியருக்கு ஒரு மெசேஜ். ‘ஃப்ரீயா அண்ணா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பு. மூன்று மணிக்கு ஒற்றை வரி வருகிறது: ‘இந்த லூப்புக்குள் ஏன் டேட்டாபேஸ் அழைப்பு?’ அது கேள்வியா, திட்டா என்று புரியவே அரை மணி நேரம். ஆபீஸில் அதே சீனியர் நாற்காலியைத் திருப்பி, வெளியே ஒருமுறை அழைத்து வைத்துக்கொண்டால் நூறு அழைப்பு ஒன்றாகும் என்று நான்கு நிமிடத்தில் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டு ஒரு நாளைத் தொலைக்கும் பழக்கம் ஃப்ரெஷருக்கு வராமல் இருப்பதுதான் ஆபீஸின் பெரிய லாபம்.

அமெரிக்காவின் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர்களைப் பற்றி எமானுவேல், ஹாரிங்டன், பல்லாய்ஸ் மூவரும் செய்த ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. ஒரே கட்டடத்தில் இருந்த டீம்களில் நிரலுக்கு வந்த கருத்துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இளையவர்களுக்கு நல்ல பலன். ஆனால் சொல்லிக்கொடுத்த சீனியர்கள் எழுதிய நிரல் குறைந்தது. டீமில் ஒரே ஒருவர் வேறு கட்டடத்தில் இருந்தாலும், சேர்ந்து இருப்பவர்களுக்குள்ளேயே பேச்சு குறைந்துவிடுகிறது. மீட்டிங்கெல்லாம் ஆன்லைனுக்கு மாறிவிடுவதால்.

ஆக, சீனியர் வீட்டில் இருக்க விரும்புவதும் ஃப்ரெஷரை ஆபீஸ் வரச் சொல்வதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஃப்ரெஷரை மட்டும் வரவழைத்து, சீனியருக்கு அனுமதி கொடுத்து வீட்டில் விட்டுவைப்பது நடைமுறையில் அதிகம் காண்கிற ஏற்பாடு. இருப்பதிலேயே மோசமும் அதுதான். வந்தவருக்குக் கற்றுத்தர ஆள் இல்லை, பயணம் மட்டும் மிச்சம்.

மூன்று நாள் ஸ்வைப் கணக்கு

‘வாரத்தில் ஏதாவது மூன்று நாள்’ என்பது நடுநிலை போலத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் கொண்ட டீமில் ஆளுக்கு ஆள் தம் வசதிப்படி ஐந்தில் மூன்று நாளைத் தேர்ந்தெடுத்தால், நால்வரும் ஒன்றாக இருப்பது வாரத்துக்குச் சராசரியாக 0.65 நாள். மூன்று வாரம் சேர்ந்தாலும் இரண்டு நாள் தேறாது. மற்ற நாட்களில் அட்டையைத் தட்டி உள்ளே போய், ஹெட்செட் மாட்டிக்கொண்டு, புனேயில் இருப்பவரோடு பேசிவிட்டுத் திரும்புவதுதான். அதை வீட்டிலேயே செய்திருக்கலாம்.

டீம் முழுவதும் ஒரே இரண்டு நாளை முடிவு செய்துகொண்டால், வருகை குறைந்தும் சந்திப்பு மூன்று மடங்காகிறது. ப்ளூம் குழுவினர் அதே சீன நிறுவனத்தில், இப்போது டிரிப்.காம், 1,612 பேரிடம் செய்து 2024-ல் வெளியிட்ட சோதனையில், வாரத்தில் இரண்டு நாள் வீடு என்று விட்டபோது வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. ஆனால் முழுக்க வீட்டில் இருந்த பழைய சிட்ரிப் சோதனையில், அதே அளவு வேலை பார்த்தும் பதவி உயர்வு குறைந்தது. அப்ரைசல் நேரத்தில் கண்ணில் படாதவர் கணக்கிலும் படவில்லை.

பொது நாள் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா டீமும் செவ்வாய், புதனைப் பிடித்தால் நாற்காலி போதாது. தளங்களைக் காலி செய்த கம்பெனிகளில் இது பெரிய தகராறு. அட்மின் முதலில் செய்ய வேண்டியது, எந்த டீமுக்கு எந்த டீமோடு வேலை என்று பார்த்து நாட்களைப் பங்கிடுவது. ஹெச்.ஆர். ஸ்வைப் எண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அம்மாக்கள், மழை, ஊர்

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்போடு நிற்கவில்லை. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு இருவரும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. கேட்டால்தான் கிடைக்கும், எழுத்தில் கேளுங்கள். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள கம்பெனிகளுக்கு 2022 ஜூலையில் வீட்டிலிருந்து வேலைக்கு இடம் கொடுக்கும் 43ஏ விதி வந்தது. ‘மண்டலத்தில் வீட்டிலிருந்து வேலைக்கு அனுமதி இல்லை’ என்று யாராவது முழுதாக மறுத்தால் அந்த விதியைக் காட்டலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி எல்லாம் மூழ்கியபோது ஆபீஸும் இல்லை, வீட்டில் கரண்டும் இல்லை. 2024 அக்டோபர் மழைக்கு முன்பே அரசு ஐ.டி. கம்பெனிகளிடம் வீட்டிலிருந்து வேலை கொடுக்கச் சொன்னது. ஐந்து நாள் ஆபீஸ் என்று இருக்கும் கம்பெனியும் மாதத்தில் ஒரு நாளாவது எல்லோரையும் வீட்டில் உட்காரவைத்து வி.பி.என். தாங்குகிறதா என்று பார்த்துவைப்பது நல்லது. மழை வந்த பிறகு லைசென்ஸ் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கும் டெல்டாக்காரர்களுக்கும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் 2024-ல் சிறிய டைடல் பூங்காக்களை (அரசு நிறுவனம் கட்டிய ஐ.டி. ஆபீஸ் கட்டடங்கள்) திறந்திருக்கிறார்கள். அறை, கரண்ட், நெட் ஆகிய மூன்று பிரச்சினையும் அங்கே தீர்ந்துவிடும். பக்கத்து நாற்காலி தீராது. ஐந்தாறு வருட அனுபவமுள்ள, தனியாக வேலையை முடிக்கத் தெரிந்த, வீட்டில் அறை இல்லாத ஒருவருக்குப் பொருந்தும். முதல் வேலையில் சேருகிற பையனுக்குப் பொருந்தாது. அவன் டீமில் நான்கு பேர் அதே கட்டடத்தில் உட்கார்ந்தால் தவிர.