சின்னக் கட்சியா, சுயேச்சையா? சென்னையில் சட்டமன்றத்துக்கு நிற்கிறவர்களுக்கு ஒரு கணக்கு

பெரிய கட்சியின் டிக்கெட் கையில் இருந்தால் இந்த அலசலே வேண்டாம். முன்மொழிய ஒரே ஆள் போதும் (மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும்). சின்னம் ஊரறிந்தது. வாக்காளர் பட்டியல் இலவசமாக வரும். நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு உங்கள் கணக்கில் ஏறாது. ஆர்.கே.நகரிலிருந்து வேளச்சேரி வரை சென்னை மாவட்டத்தில் 16 தொகுதிகள். அந்தப் பாக்கியம் வாய்ப்பது கொஞ்சம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு இரண்டே வழி: பதிவு பெற்று, ஆனால் அங்கீகாரம் பெறாத சின்னக் கட்சி ஒன்றின் பி ஃபார்ம் (இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் படிவம்), இல்லையென்றால் சுயேச்சை. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சின்னக் கட்சிதான். கொள்கையை வைத்துச் சொல்லவில்லை, சின்னத்தை வைத்துச் சொல்கிறேன்.

பொதுவானவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 25 வயது, தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் ஓட்டு, டெபாசிட் 10,000 ரூபாய் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000), வேட்புமனுவுக்குப் படிவம் 2பி, சொத்து மற்றும் வழக்கு விவரத்துக்குப் படிவம் 26. மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு. செலவு உச்சவரம்பு, 2022-ல் உயர்த்தியபடி, 40 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கவே முடியாமல் போகலாம். இதிலெல்லாம் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் தொடங்குவது வாபஸ் நாளன்று மாலை மூன்று மணிக்கு.

2021 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 19 மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள், 22 வாபஸ், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, பிரசாரம் ஏப்ரல் 4 மாலையோடு முடிந்தது. சுயேச்சைக்குச் சின்னம் உறுதியாவது அந்த 22-ம் தேதி மாலைதான். கையில் இருப்பது 13 நாள். அதில் நோட்டீஸ் அடிக்கவே இரண்டு நாள் போய்விடும். சின்னம் வரும் இடத்தை வெற்றாக விட்டு முன்கூட்டியே அடித்து வைக்கிறவர்கள் உண்டு. பிறகு ஒட்டும் சின்னம் கோணலாகி, தொகுதி முழுக்கக் கோணலாகவே போகும். அடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இல்லையென்றால் அது தனி வழக்கு.

சின்னக் கட்சிக்குப் பொதுச்சின்னம் (அதன் வேட்பாளர் எல்லாருக்கும் ஒரே சின்னம்) ஒதுக்கப்பட்டிருந்தால், மனு கொடுக்கும் முன்பே அது தெரிந்துவிடும். துண்டு, பேனர், ஆட்டோ போஸ்டர் எல்லாம் மனுத் தாக்கலன்றே தயாராக இருக்கும். பொதுச்சின்னம் கிடைக்காத கட்சியாக இருந்தாலும் ஒரு முன்னுரிமை உண்டு. பட்டியலில் உள்ள ஒரே சின்னத்தைக் கட்சி வேட்பாளரும் சுயேச்சையும் கேட்டால் கட்சிக்காரருக்குத்தான் போகும். சுயேச்சைகளுக்குள் போட்டி என்றால் குலுக்கல்.

இதற்கு ஆர்.கே.நகரை விட நல்ல உதாரணம் இல்லை. 2017 ஏப்ரலில் ரத்தான இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பி. டிசம்பரில் அவர் மறுபடி தொப்பியைக் கேட்டார். அது பதிவு பெற்ற கட்சி வேட்பாளர் ஒருவருக்குப் போனது. இவருக்குக் குக்கர். ‘குக்கரிலேயே 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாரே’ என்பீர்கள். ஜெயித்தார். ஏற்கெனவே ஊரறிந்த பெயரும் தெருவுக்குத் தெரு ஆளும் இருந்தால் நீங்களும் குக்கரை ஒரு வாரத்தில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்விடலாம். அது இல்லாதவர் அந்த உதாரணத்தைக் காட்டிச் சுயேச்சையாக இறங்க வேண்டாம்.

அடுத்து இயந்திரத்தில் இடம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள், அடுத்து பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஒரு யூனிட்டில் 16 பொத்தான். ஆர்.கே.நகரில் அன்று 59 பேர், நோட்டாவோடு 60, அதாவது நான்கு யூனிட். பட்டியல் நீளும்போது சின்னக் கட்சிக்காரருக்கு முதல் யூனிட்டிலேயே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சுயேச்சை மூன்றாவதிலோ நான்காவதிலோ இருப்பார். வயதான வாக்காளர் அத்தனை தூரம் விரலை ஓட்டித் தேடுவாரா என்று யோசியுங்கள்.

பெயர் ஒற்றுமையும் சுயேச்சையைத்தான் அதிகம் அடிக்கும். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் மனு கொடுத்தார்கள். எல்லாரும் சுயேச்சை என்றால் அகர வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். கட்சிப் பிரிவில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

இனி சின்னக் கட்சியின் குறைகள். பொதுச்சின்னம் நிரந்தரமில்லை, ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நாம் தமிழர் கட்சியின் கரும்பு விவசாயி 2024-ல் முந்திக் கேட்ட வேறு கட்சிக்குப் போய், அவர்கள் மைக் சின்னத்தில் நின்றார்கள். அதே ஆண்டு மதிமுக ஒரே தொகுதியில் மட்டும் நின்றதால் பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டியில் நின்றது. கட்சி எத்தனை இடத்தில் நிற்கிறது, எப்போது விண்ணப்பித்தது என்ற இரண்டையும் கேட்டுவிட்டு சேருங்கள்.

பி ஃபார்ம் இன்னொரு தலைவலி. கடைசி நாள் மூன்று மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். பேனாவால் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். நகலோ ரப்பர் ஸ்டாம்போ செல்லாது. அது வராமல் போனால் சின்னக் கட்சி வேட்பாளர் எப்படியும் பத்துப் பேர் முன்மொழிவு வைத்திருப்பதால் சுயேச்சையாகத் தொடரலாம். ஒற்றை முன்மொழிவோடு நிற்கும் பெரிய கட்சிக்காரருக்கு மனுவே தள்ளுபடி.

அந்தப் பத்துப் பேரில்தான் இரு தரப்பும் தடுக்கி விழுகிறது. பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரிலேயே நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது, முன்மொழிந்தவர்களில் இருவர் ‘அது எங்கள் கையெழுத்தில்லை’ என்றதால். ஒருவருக்கு நான்கு மனு வரை அனுமதி உண்டு. நான்கையும் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் வேறு பத்துப் பேர். டெபாசிட் ஒன்றுதான். முன்மொழிபவர்களின் வாக்காளர் பட்டியல் பாகம் எண், வரிசை எண்ணைப் பழைய பூத் சிலிப்பிலிருந்து எழுதாதீர்கள். பட்டியல் திருத்தும்போது மாறும். படிவம் 26-ல் ஒரு கட்டத்தைக்கூட வெற்றாக விடக் கூடாது, ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியைப் பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்தாக வேண்டும்.

கூட்டணியில் சேர்ந்து பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது மூன்றாவது வழி. 2021-ல் மதிமுகவின் ஆறு பேரும் உதயசூரியனில் நின்றார்கள், நால்வர் ஜெயித்தார்கள். ஓட்டுக்கு நல்லது. சபையில் சூரியனின் கொறடா சொல்வதைக் கேட்க வேண்டிவரும். கட்சிக்குள் அது எப்படிப் போகும் என்பதில் என் கணிப்பு வெளியிலிருந்து பார்த்ததுதான்.

டெபாசிட்டைக் காப்பாற்றச் செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். 1,80,000 ஓட்டு என்றால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். நோட்டா அதில் சேராது. நேர்மையாகச் சொன்னால் இரண்டு வழியிலும் பெரும்பாலும் அந்தப் பத்தாயிரம் திரும்பாது. செலவிலேயே எழுதிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சுயேச்சைதான் என்றால், மனுவில் மூன்று சின்னத்தை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். இயந்திரத்தில் அது கறுப்பு வெள்ளையில் சிறிதாகத்தான் தெரியும். பலாப்பழம் மாதிரி, மைக்கில் ஒரு தடவை சொன்னதும் கண்ணில் வருவதாகவும், பக்கத்துப் பொத்தான் சின்னத்தோடு குழம்பாததாகவும் இருக்கட்டும். எல்லாரும் கேட்கும் ஒன்றை முதலில் எழுதி குலுக்கலில் இழப்பதை விட, யாரும் கேட்காத நல்ல சின்னத்தை முதலிடத்தில் எழுதுவது மேல்.